கிட்டாரைக் கணினியில் சொருகும் முன்: இண்டர்ஃபேஸ் வாங்குகிறவர்களுக்கு

இண்டர்ஃபேஸ் என்பது கிட்டாரின் சிக்னலைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி. வீட்டில் கிட்டார் ரெக்கார்ட் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இண்டர்ஃபேஸில் சவுண்டு நல்லா இருக்கும்?" கேள்வியே கொஞ்சம் தப்பு. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அதே கிட்டாரை அதே ஆள் வாசித்து, அதே ப்ளக்-இன் (கணினிக்குள் ஆம்ப் மாதிரி வேலை செய்யும் மென்பொருள்) போட்டால், பாட்டைக் கேட்கிறவருக்கு எது எதுவென்று சொல்வது கஷ்டம். வித்தியாசம் தெரிவது வாசிக்கிறவருக்குத்தான். தந்தியைத் தட்டினால் சத்தம் உடனே காதுக்கு வருகிறதா, பெட்டியைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் பாதி பாட்டில் கழுத்தை அறுக்கிறதா, கிட்டார் சொருகும் உள்ளீடு ஒழுங்காக இருக்கிறதா என்பவைதான் தினமும் உங்களைத் தொடும் விஷயங்கள். இவற்றைப் பார்த்து வாங்கினால் போதும், மிச்சக் காசை ஹெட்போனுக்கும் புதுத் தந்திக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், உங்களிடம் இருக்கும் ஆம்பையோ மல்டி எஃபெக்ட்ஸ் பெடலையோ திருப்பிப் பாருங்கள். பின்னால் யுஎஸ்பி ஓட்டை இருந்தால் அதுவே இண்டர்ஃபேஸாக இருக்கலாம். பாஸ் கட்டானா ஆம்ப், பாஸ் ஜிடி-1, லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப், யமஹா டிஎச்ஆர் வரிசை எல்லாம் யுஎஸ்பி வழியாகவே கணினிக்கு ஆடியோ அனுப்பும். பெடலில் நீங்கள் ஏற்கெனவே செதுக்கி வைத்த டோன் அப்படியே பதிவாகும், தனியாக ஆம்ப் ப்ளக்-இன் தேட வேண்டியதில்லை. ஆனால் யுஎஸ்பி இருந்தாலே ஆடியோ வரும் என்று நினைக்க வேண்டாம். ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் மாதிரிச் சில பெடல்களில் அது அப்டேட் போடவும் டோன் திருத்தவும் மட்டும்தான். மேனுவலில் "யுஎஸ்பி ஆடியோ" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

லேப்டாப் ஜாக்கில் நேராகச் சொருகினால் என்ன ஆகும்?

சத்தம் வரும். ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக, அதோடு கொசகொசவென்று இரைச்சலும் சேர்ந்து வரும். காரணம் இதுதான். கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் சிக்னல் வலுவில்லாதது. அதை வாங்கிக்கொள்ளும் உள்ளீட்டின் மின்தடுப்பு, அதாவது இம்பிடன்ஸ், ரொம்ப அதிகமாக இருக்க வேண்டும், சுமார் 1 மெகா ஓம். லேப்டாப்பின் மைக் ஜாக் ஹெட்செட் மைக்குக்காகச் செய்தது, அதன் இம்பிடன்ஸ் சில கிலோ ஓம்தான் இருக்கும். அதில் பிக்கப்பை மாட்டினால் முதலில் சாவது ட்ரெபிள், அதாவது மேல்சத்தம். பிறகு ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது, இரைச்சல்தான் ஏறும்.

அதனால் இண்டர்ஃபேஸில் நீங்கள் முதலில் தேட வேண்டியது "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இசட்" என்று எழுதிய உள்ளீடு, இல்லையென்றால் கிட்டார் படம் போட்ட பட்டன். இப்போது வரும் பெட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் எல்லா ஓட்டையிலும் இருக்காது. இரண்டு உள்ளீட்டில் ஒன்றில் மட்டும் இருப்பது சகஜம். பட்டனை அழுத்த மறந்து, வலுவான சிக்னலுக்கான லைன் நிலையிலேயே வாசித்துவிட்டு "இந்தப் பெட்டியில் உயிரே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறைய.

அக்கூஸ்டிக் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் இருந்தால் இந்தக் கவலை குறைவு, அது தானே வலுவான சிக்னல் கொடுத்துவிடும். லைன் உள்ளீட்டிலும் சரியாக வேலை செய்யும்.

தாமதம்தான் பெரிய தலைவலி

நீங்கள் தந்தியைத் தட்டுகிறீர்கள். சிக்னல் எண்ணாக மாறி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய், ஆம்ப் ப்ளக்-இன்னுக்குள் நுழைந்து, திரும்ப வந்து, மறுபடி மின்சாரமாகி ஹெட்போனுக்கு வரவேண்டும். இதற்கு ஆகும் நேரம்தான் லேட்டன்சி. மென்பொருளில் "பஃபர்" என்று ஒரு எண் இருக்கும், 64, 128, 256 என்று; கணினி ஒரு தடவையில் அள்ளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை அது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48 ஆயிரம் மாதிரி எடுக்கும்போது, 128 பஃபர் என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். போய்வர இரண்டு மடங்கு, அதோடு டிரைவர் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் நேரமும் சேரும். மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், ஆகவே மேடையில் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறவர் அதே தாமதத்தோடுதான் வாசிக்கிறார். 20-ஐத் தாண்டினால் கை தடுமாறும். 30-க்கு மேல் போனால் வேகமான பகுதியை மறந்துவிடலாம்.

இதில் பெட்டியின் விலையைவிட டிரைவர்தான் முக்கியம். விண்டோஸில் ஆசியோ என்று ஒரு டிரைவர் வகை உண்டு, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது. பெட்டியைச் செய்த நிறுவனமே சொந்தமாக ஆசியோ டிரைவர் எழுதிக் கொடுக்கிறதா என்பதை வாங்கும் முன் அவர்கள் தளத்தில் போய்ப் பாருங்கள். ரொம்ப மலிவான பெட்டிகளில், உதாரணத்துக்கு பெரிஞ்சர் யுஎம்2, யுஎம்சி22 இரண்டிலும், சொந்த டிரைவர் கிடையாது, ஆசியோ4ஆல் என்ற பொதுவான மென்பொருளைப் போட்டு ஓட்ட வேண்டும். ஓடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யூடியூபும் ரெக்கார்டிங்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒன்று ஊமையாகும், தாமதத்தைக் குறைத்தால் படபடவென்று வெடிக்கும். அதே நிறுவனத்தின் யுஎம்சி202எச்டிக்கு சொந்த டிரைவர் உண்டு. இரண்டுக்கும் நடுவில் யோசிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுத்து பெரியதை வாங்குங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து இல்லை. கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது, சொருகினால் வேலை செய்யும்.

எந்தப் பெட்டி?

எத்தனை உள்ளீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எலெக்ட்ரிக் மட்டும், தனியாக வாசிக்கிறேன் என்றால் ஒரு கிட்டார் உள்ளீடு போதும். பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும், அல்லது அக்கூஸ்டிக்கை மைக்கிலும் பிக்கப்பிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்றால் இரண்டு. எட்டு உள்ளீட்டுப் பெட்டி ட்ரம்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. "பின்னாடி பேண்டு ஆரம்பிச்சா உதவுமே" என்று வாங்காதீர்கள், பேண்டு ஆரம்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2 இரண்டும்தான் எங்கும் கண்ணில் படும், காரணமில்லாமல் இல்லை. டிரைவர் நிலையானது, பிரச்சினை வந்தால் இணையத்தில் தேட ஆயிரம் பதில் கிடைக்கும். 2023-ல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2-வில் கெய்னை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு ஏற்றுவது என்பதை, தானே அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. சோலோவில் அது இல்லை. ஆடியண்ட் ஐடி4-ன் கிட்டார் உள்ளீட்டைப் பலரும் புகழ்வார்கள், அதில் ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகைச் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். தவிர, இரண்டு ஹெட்போன் ஓட்டை இருப்பதால் நண்பரோடு சேர்ந்து கேட்கலாம். மோட்டு எம்2-வில் முகப்பிலேயே சின்னத் திரை, அளவு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். யூனிவர்சல் ஆடியோ வோல்ட், எஸ்எஸ்எல் 2 இவையும் நல்ல பெட்டிகளே. என்னைக் கேட்டால் இந்த வரிசையில் உங்கள் ஊரில் எதற்கு வாரண்டியும் சர்வீஸும் உடனே கிடைக்கிறதோ அதை எடுங்கள். மூன்று மாதம் பார்சலில் போய்வரும் உயர்ந்த பெட்டியைவிட மேஜையில் இருக்கும் சாதாரணப் பெட்டி மேல்.

192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கிட்டாருக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். 24 பிட் மட்டும் அவசியம் பாருங்கள், கெய்னைக் குறைத்து வைத்துப் பதிந்தாலும் இரைச்சல் மேலே வராது. அதேபோல யுஎஸ்பி-சி என்றால் வேகம், தாமதம் குறைவு என்று சொல்லி விற்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு உள்ளே இரண்டு வெளியே, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 4.6 மெகாபிட். பழைய யுஎஸ்பி 2.0-வே 480 மெகாபிட் தாங்கும். சி என்பது ஓட்டையின் வடிவம், அவ்வளவுதான். ஆனால் ஹப் வழியாகச் சொருகாதீர்கள். பெரும்பாலான சின்னப் பெட்டிகள் யுஎஸ்பியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன, மலிவான ஹப்பில் அது போதாமல் பெட்டி அணைந்து அணைந்து எரியும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு உள்ள பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். யுஎஸ்பி பெட்டி என்றால் இன்றைய விண்டோஸுக்கோ மேக்கிற்கோ டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரில் போகும்போது ஹெட்போனும் ஒரு கிட்டார் கேபிளும் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு திருகையும் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். கரகரவென்றால் உள்ளே தூசியோ தேய்மானமோ. ஜாக்கைச் சொருகிவிட்டு லேசாக ஆட்டுங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் சாலிடர் விட்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

முதலில் ஹெட்போன்

வாடகை வீட்டில், அடுத்த அறையில் யாராவது தூங்கும் வீட்டில், முதல் செலவு ஹெட்போன். காதை மூடும் வகை வாங்குங்கள், மைக்கில் பதியும்போது தாளத்துக்கு ஓடும் க்ளிக் சத்தம் வெளியே கசியாது. ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூன்றும் ஸ்டூடியோக்களில் அடிபட்டுப் பேரெடுத்தவை. டிடி 770-ஐ 250 ஓமில் வாங்கினால் சின்ன இண்டர்ஃபேஸ் போதுமான சத்தம் தராமல் போகலாம், 80 ஓம் எடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் வாசிக்கவே முடியாது. அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும், பஃபரை எவ்வளவு குறைத்தும் பயனில்லை.

அக்கூஸ்டிக் என்றால் கதை வேறு

எலெக்ட்ரிக்குக்கு அறை ஒரு பொருட்டே இல்லை. அக்கூஸ்டிக்கில் அறையும் சேர்ந்தே பதியும். பாலத்துக்கு அடியில் இருக்கும் பீஸோ பிக்கப்பில் மட்டும் எடுத்தால் தகர டப்பா மாதிரி கீச்சென்று கேட்கும், மேடைக்குச் சரி, பதிவுக்குப் போதாது. ஒரு கண்டென்சர் மைக் வேண்டும், அதற்கு மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர், கொடுக்கும் இண்டர்ஃபேஸ் வேண்டும். மைக்கை 12-ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து 25, 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சத்தம் அதிகமாக வருகிறதே என்று கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் தொம்தொம் என்று கீழ்ச்சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சத்தத்தில் கனம் அதிகமாக வேண்டுமா, ஒரு விரல்கடை பாலம் பக்கம் நகர்த்துங்கள். விரல் சறுக்கும் ஓசை அதிகமா, மைக்கைக் கொஞ்சம் திருப்புங்கள். ஈக்யூவைத் தொடுவதற்கு முன் இந்த நகர்த்தலுக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊரில் இதற்குப் பெரிய எதிரி சீலிங் ஃபேன். கண்டென்சர் மைக் அதன் காற்றையும் கடகட சத்தத்தையும் தெளிவாக எடுக்கும். ஃபேனை அணைத்துவிட்டு நான்கு நிமிடப் பாட்டை மே மாதத்தில் வாசித்துப் பாருங்கள் தெரியும். சரணம் சரணமாகப் பிரித்துப் பதியுங்கள், நடுவில் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வியர்த்த கையால் தந்தியும் துருப்பிடிக்கும். விடியற்காலையில் அமைதியாக இருக்கும் என்று அலாரம் வைப்பவர்கள் மார்கழியைத் தவிர்ப்பது நல்லது, கோயில் ஒலிபெருக்கி உங்களுக்கு முன்பே எழுந்துவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண். மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்காருங்கள், அது உண்மையிலேயே எதிரொலியைக் குறைக்கும்.

ஆம்பை மைக் வைத்துப் பதிய விரும்பினால் ஷூர் எஸ்எம்57, 1965 முதல் இருக்கிறது, இன்னும் அதுதான். டைனமிக் மைக் என்பதால் ஃபேண்டம் பவர் தேவையில்லை. ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் கூர்மையாகவும் ஓரம் போகப் போக மந்தமாகவும் வரும். ஒரு எச்சரிக்கை: ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து இண்டர்ஃபேஸுக்குக் கேபிள் போடாதீர்கள், பெட்டி போய்விடும். வால்வ் ஆம்பாக இருந்து ஸ்பீக்கரையும் கழற்றியிருந்தால் ஆம்பும் போகும்.

உய்ங்ங்...

எல்லாம் மாட்டியபின் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது மின்சார இரைச்சல், வந்தால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். பேட்டரியில் பதியுங்கள், அல்லது மூன்று பின் சார்ஜரை எர்த் உள்ள பிளக்கில் போடுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரும்புத் தந்தி உங்கள் கையில் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை, நீங்கள் உட்கார்ந்தபடியே திரும்பினால் கூடிக் குறைகிறது என்றால் அது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் காற்றிலிருந்து பிடிப்பது. மானிட்டர், ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் இவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள். கரண்ட் போய் மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியவே வேண்டாம்.

முதல் ரெக்கார்டிங்

மென்பொருளுக்கு மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் எடுங்கள், 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். இண்டர்ஃபேஸோடு ஏதாவது ஒரு மென்பொருளின் லைட் பதிப்பும் வரும், அதிலும் தொடங்கலாம். ஆம்ப் ப்ளக்-இன்னுக்குக் காசு கொடுக்க இப்போது அவசரமில்லை, நியூரல் ஆம்ப் மாடலர் முழு இலவசம், உண்மையான ஆம்புகளைப் படியெடுத்த கோப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

விண்டோஸில் பெட்டியைச் சொருகுவதற்கு முன்பே டிரைவரை நிறுவிவிடுங்கள். ரீப்பரில் ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஆசியோவையும் அதற்குக் கீழே உங்கள் பெட்டியின் பெயரையும் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் 128. கிட்டாரைச் சொருகி, இன்ஸ்ட் பட்டனை அழுத்தி, கிட்டாரின் வால்யூமை முழுசாக வைத்து, நீங்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக அடிப்பீர்களோ அவ்வளவு முரட்டுத்தனமாக அடியுங்கள். மெதுவாக அடித்து கெய்ன் வைத்தால் பாட்டு சூடேறும்போது சிவப்பு எரியும். உச்சத்தில் மீட்டர் -12-க்கும் -6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் சரி. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட கிட்டாரில் கெய்ன் பூஜ்யத்திலேயே சிவப்பு எரிந்தால் பிக்கப்பின் இரு ஓரத்து ஸ்க்ரூவையும் கொஞ்சம் திருகித் தந்தியிலிருந்து இறக்குங்கள்.

இப்போது ஒரு ட்ராக் உருவாக்கி, உள்ளீடாக மோனோ, இன்புட் 1 என்று வையுங்கள். ஸ்டீரியோ என்று வைத்தால் இடது காதில் மட்டும் கிட்டார் கேட்கும், ஹெட்போன் பழுது என்று பயந்துபோவீர்கள். ட்ராக்கில் உள்ள சிவப்பு வட்டத்தை அழுத்தி, வாசிப்பதை மென்பொருள் வழியாகக் கேட்க வைக்கும் மானிட்டர் பட்டனை ஆன் செய்து, ஆம்ப் ப்ளக்-இன்னைப் போடுங்கள். டிஸ்டார்ஷனோடு கொசுப் படை மாதிரி நொய்யென்று வந்தால் ஆம்ப் மட்டும் இருக்கிறது, ஸ்பீக்கர் கேபினட் இல்லை என்று அர்த்தம். ஆம்புக்கு அடுத்து ஒரு ஐஆர் கோப்பை ஏற்றுங்கள், அதுதான் ஸ்பீக்கரும் மைக்கும் செய்யும் வேலையைச் செய்கிறது.

அப்புறம் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு இடம். பெட்டியின் முகப்பில் "டைரக்ட் மானிட்டர்" என்று ஒரு பட்டன் இருக்கும். அது ஆனில் இருந்தால் கிட்டாரின் பச்சைச் சத்தம் கணினிக்குப் போகாமலே நேராகக் காதுக்கு வரும், தாமதமே இல்லாமல். ப்ளக்-இன் சத்தமும் பின்னாலேயே வரும். இரண்டும் மோதி, குழாய்க்குள்ளிருந்து வாசிப்பது போல ஒரு விசித்திரமான இரட்டைச் சத்தம் கேட்கும். ப்ளக்-இன் வழியாக வாசிக்கிறீர்களா, டைரக்ட் மானிட்டரை அணையுங்கள். அக்கூஸ்டிக்கை மைக்கில் பதிகிறீர்களா, அதை ஆன் செய்து மென்பொருளின் மானிட்டரை அணையுங்கள். பஃபர் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை.

படபடவென்று வெடிப்புச் சத்தம் வந்தால் பஃபரை 256-க்கு ஏற்றுங்கள். வைஃபையை அணையுங்கள், லேப்டாப்பின் பவர் பயன்முறையை உச்சத்தில் வையுங்கள், பின்னால் திறந்து கிடக்கும் பிரௌசரை மூடுங்கள். பதிந்து முடித்து மிக்ஸிங் செய்யும்போது தாமதம் முக்கியமில்லை, 1024 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் செய்யுங்கள். ட்ராக்கில் பதிவது ப்ளக்-இன் இல்லாத வெறும் கிட்டார்தான், ஆம்பை நாளைக்கோ அடுத்த வருடமோ மாற்றிக்கொள்ளலாம். சுருதி விலகியதையும் பழைய தந்தியின் மந்தத்தையும் அப்படி மாற்ற முடியாது. அதனால் பதிவுக்கு முந்தைய நாள் புதுத் தந்தி போட்டு, நன்றாக இழுத்துப் பழக்கி, மறுநாள் வாசியுங்கள்.